கட்டடமும் கரண்டும்: இந்த மாதம் பள்ளிக்கூடக் கேள்விகள்

"பள்ளிக்கூடம் கட்டுகிறவர்கள், நடத்துகிறவர்கள், அதில் படிக்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் எழுதலாம்" என்று போன இதழில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களைப் படித்து முடிக்க மூன்று நாள் ஆயிற்று. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எத்தனை கிலோவாட் சோலார் போடலாம்? நான் அதற்கு நேராகப் பதில் சொல்கிற ஆள் இல்லை. முப்பத்து நான்கு வருடம் கட்டடங்களுக்கு மின்சாரமும் காற்றோட்டமும் வடிவமைத்தவன், அதற்கும் முன்னால் ஒரு திருச்சிக் கொத்தனாரின் மகன். கூரையைப் பார்த்துவிட்டுத்தான் மீட்டர் பெட்டிப் பக்கம் போவேன்.

எங்கள் அறக்கட்டளை 24 வகுப்பறைகளுடன் புதுக் கட்டடம் கட்டுகிறது. தரைத்தளமும் மேலே இரண்டு தளங்களும். வகுப்புக்கு 40 பிள்ளைகள். சாலை மேற்கே இருப்பதால் முகப்பு முழுவதும் கண்ணாடி. எல்லா வகுப்புக்கும் ஏசி. மின்செலவைச் சமாளிக்க மாடியில் 100 கிலோவாட் சோலார். இது போதுமா?
*– பள்ளித் தாளாளர், பெரம்பலூர்*

போதாது ஐயா. அதைவிட முக்கியம், அந்த 100 கிலோவாட் உங்கள் மாடியில் உட்காருமா என்று யாராவது டேப் பிடித்துப் பார்த்தார்களா? தளத்துக்கு எட்டு வகுப்பறை. 24க்கு 20 அடி அறை, எட்டு அடி வராந்தா, படிக்கட்டு, கழிப்பறை எல்லாம் சேர்த்தாலும் மொட்டை மாடி 6,500 சதுர அடியைத் தாண்டுவது கஷ்டம். வரிசைகளுக்கு நடுவே இடைவெளி, துடைக்கப் போக வழி எல்லாம் விட்டால் ஒரு கிலோவாட்டுக்கு 75 முதல் 100 சதுர அடி வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் படிக்கட்டுக் கூண்டும் நிழல் போடும் இடத்தைக் கழித்துப் பாருங்கள். மாடியே பற்றாது.

சரி, எப்படியோ பக்கத்துக் கட்டடத்தின் மீதும் போட்டுவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தாலே அதன் உடம்பிலிருந்து சுமார் 75 வாட் வெப்பம் வெளியேறுகிறது. 40 பிள்ளைகள் என்றால் 3 கிலோவாட். மூன்று இஸ்திரிப் பெட்டிகளைச் சூடாக்கி வகுப்பின் நடுவில் வைத்த கணக்கு. ஒரு டன் ஏசி வெளியே தள்ளக்கூடிய வெப்பம் மூன்றரை கிலோவாட். ஆக, முதல் டன் பிள்ளைகளுக்கே சரியாகப் போயிற்று. அடுத்தது மூச்சுக்காற்று. அத்தனை பேர் இருக்கும் அறைக்குள் நொடிக்கு 200 லிட்டராவது வெளிக்காற்று வர வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வெளியே 38 டிகிரி. அந்தக் காற்றின் சூட்டையும் ஈரத்தையும் இறக்க இன்னும் இரண்டு டன் வேண்டும். அதற்கு மேல் கூரைச் சூடு, மேற்குக் கண்ணாடி வழியாக வரும் வெயில். வகுப்புக்கு நான்கு டன் என்று வந்து நிற்கும். 24 வகுப்புக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 100 டன். டன்னுக்கு ஒரு கிலோவாட்டை ஒட்டி மின்சாரம் இழுக்கும். 100 கிலோவாட் சோலார் நல்ல வெயில் நாளில் 400 யூனிட் தரும். இந்த ஏசிகள் முழு மூச்சில் ஓடினால் நான்கு மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். விளக்கு, மோட்டார், கம்ப்யூட்டர் லேப் எல்லாம் ஈபி தலையில்.

இப்போது வரைபடத்தை மேசையில் விரியுங்கள். சாலை மேற்கே இருந்தால் கட்டடத்தின் நீளப் பக்கமும் மேற்கே பார்க்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வாசலும் பெயர்ப் பலகையும் மேற்கே இருக்கட்டும். வகுப்பறைகளின் நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். மேற்குக் கோடியில் படிக்கட்டு, கழிப்பறை, ஸ்டோர் ரூம். பிற்பகல் வெயில் அவற்றைச் சுடட்டும், படிக்கிற பிள்ளையை விட்டுவிடட்டும். மேற்கு வெயில் சாய்ந்து வரும். நீங்கள் எத்தனை அடி சன்ஷேடு நீட்டினாலும் அடியில் புகுந்துவிடும். தெற்கில் அப்படி இல்லை. டிசம்பரில்கூட உச்சிவேளைச் சூரியன் உங்கள் ஊரில் 55 டிகிரி உயரத்தில் நிற்கிறது. எட்டு அடி வராந்தா அதைப் படியிலேயே நிறுத்திவிடும். வடக்குப் பக்கம் வெயிலே வராது என்று பலர் நினைக்கிறார்கள், அது வேறு நாட்டுப் புத்தகத்தில் படித்தது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை பெரம்பலூரில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்துதான் இருக்கும். ஆனால் மிக உயரத்தில் இருப்பதால் இரண்டடி சன்ஷேடு போதும்.

கண்ணாடி முகப்பு பற்றி நான் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். ஒன்று மட்டும்: சாதாரணத் தெளிந்த கண்ணாடி, மேலே விழும் வெயில் சூட்டில் நாலில் மூன்று பங்குக்கு மேல் உள்ளே விட்டுவிடும். உள்ளே வந்த சூடு அதே வழியில் திரும்பிப் போகாது. பிறகு திரைச்சீலை வாங்குவீர்கள். திரையை இழுத்தால் இருட்டு. இருட்டுக்கு டியூப் லைட். கண்ணாடிக்குக் காசு, திரைக்குக் காசு, வெளிச்சத்துக்கும் காசு.

கூரைதான் பெரிய விஷயம். நம் அட்சரேகையில் சுவரைவிடக் கூரைமீதுதான் வெயில் அதிகம் கொட்டுகிறது. வெறும் கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு கோடை மதியத்தில் 60 டிகிரியைத் தொடும். மாலை நாலு மணிக்கு அந்தச் சூடு மெதுவாகக் கீழே இறங்கும். என் அப்பா காலத்தில் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாலு அங்குலம் கொட்டுவார்கள். சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். பாட்டு நின்றால் அடி நின்றுவிட்டது என்று அர்த்தம். அதன்மேல் தட்டோடு. இன்று அப்படி அடிக்க ஆள் கிடைப்பதில்லை. பதிலுக்குத் தளத்தின் மேல் வெப்பம் தடுக்கும் பலகை, அதன்மேல் வெள்ளை ஓடு அல்லது வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு என்று போகலாம். பூச்சு மட்டும் போட்டால் இரண்டு வருடத்தில் தூசி படிந்து சாம்பல் நிறமாகிவிடும். வருடம் ஒருமுறை, பள்ளி திறக்கும் முன், கழுவ வேண்டும். கழுவ ஆள் வைப்பீர்களா என்று யோசித்துவிட்டுப் பூச்சு வாங்குங்கள். தளத்துக்கு அடியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஃபால்ஸ் சீலிங் வேண்டாம். விசிறியின் உயரம் குறையும், அப்புறம் எலி குடியேறும்.

கூரையும் திசையும் சரியானால் வகுப்பறைக்கு விசிறி போதும். பழைய விசிறி 75 வாட் இழுக்கும், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் புது வகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் சுமாருக்கு அதே காற்றைத் தரும். அறைக்கு நான்கு வீதம் 96 விசிறி, வருடத்துக்கு 1,500 மணி நேரம் என்றால் மிச்சம் ஏறத்தாழ 6,500 யூனிட். யூனிட் எட்டு ரூபாய், விசிறிக்குக் கூடுதல் விலை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் போட்ட பணம் வந்துவிடும். வாங்கும்போது சுவர் ஸ்விட்சில் வேகம் மாற்றக்கூடிய மாடலாகக் கேளுங்கள். ரிமோட் மாடல் வாங்கி, 96 ரிமோட்டில் 40 தொலைந்து, கோலை வைத்து விசிறியைக் குத்தி நிறுத்திக்கொண்டிருந்த பள்ளியை நான் பார்த்திருக்கிறேன்.

அறைக்கு நாலு விசிறி, ஆறு எல்.இ.டி. டியூப். 24 வகுப்புக்கும் சேர்த்து மொத்தச் சுமை 6 கிலோவாட்டுக்குள் அடங்கும். ஏசிக்கு நீங்கள் நினைத்தது 100. கம்ப்யூட்டர் லேப், தேர்வு நடக்கும் ஒரு பெரிய ஹால், இரண்டுக்கும் ஏசி வையுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். 25 கிலோவாட் சோலாரில் உங்கள் பள்ளி நிம்மதியாக நடக்கும். ஏப்ரல், மே மாதங்களில் சோலார் நன்றாக உற்பத்தி செய்யும், அதில் பெரும்பகுதி நாள் பள்ளி பூட்டியிருக்கும். அந்த மின்சாரத்தை வாரியம் எந்தக் கணக்கில், என்ன விலைக்கு எடுத்துக்கொள்ளும் என்பதை அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.

வகுப்பறைகளில் ஆள் இருப்பதை அறியும் சென்சார் வைத்தால் விளக்கும் விசிறியும் தானாக அணையும் என்று இரண்டு இதழ்களுக்கு முன் எழுதியிருந்தீர்கள். இரண்டு பள்ளிகளில் வைத்தேன். இரண்டிலும் ஆறே மாதத்தில் நானே கழற்றினேன். சார் நேரில் வந்து பார்த்துவிட்டு எழுதினால் நன்றாயிருக்கும்.
*– வயர்மேன், திண்டுக்கல்*

குட்டு சரியான இடத்தில் விழுந்தது. ஒத்துக்கொள்கிறேன். அதைவிட வெட்கம், நானே ஒருமுறை இதில் மாட்டியிருக்கிறேன், அதை மறந்துவிட்டுத்தான் எழுதினேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கு நான் வடிவமைத்த சென்சார்கள். அரையாண்டுத் தேர்வு. மழைக்கால இருட்டு. பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள், யாரும் அசையவில்லை. அந்தச் சென்சார் பார்ப்பது நகரும் உடம்புச் சூட்டை. அசைவு இல்லை என்றால் ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை விளக்கு அணைய, மொத்த வகுப்பும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கி ஆட்டியிருக்கிறது. கண்காணிப்புக்கு வந்த ஆசிரியை எனக்குப் போன் செய்து சொன்ன வார்த்தைகளை அச்சில் போட முடியாது.

சென்சாரின் இடம் கழிப்பறை, ஸ்டோர் ரூம், இரவில் ஆள் நடமாட்டம் குறைந்த வராந்தா. வகுப்பில் வேண்டாம். வகுப்பில் வேண்டியது ஒழுங்கான வயரிங், அது உங்கள் கையில்தான் இருக்கிறது. நம் ஊரில் விளக்குகளைக் கரும்பலகையிலிருந்து பின் பெஞ்சு நோக்கி ஒரு ஸ்விட்சில் சேர்த்துவிடுவார்கள். ஜன்னலுக்கு இணையாகச் சேருங்கள். ஜன்னலோர வரிசைக்கு ஒரு ஸ்விட்ச், நடு வரிசைக்கு ஒன்று, உள்சுவர் வரிசைக்கு ஒன்று. ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதில் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தூரம்வரை பகல் வெளிச்சம் உள்ளே வரும். ஏழடி லிண்டல் என்றால் பத்திலிருந்து பதினாலு அடி. ஜன்னலோர வரிசை பெரும்பாலான நாட்களில் அணைந்தே இருக்கலாம். போர்டில் "ஜன்னல்", "நடு", "சுவர்" என்று பெயின்டில் எழுதிவிடுங்கள். எது எந்த விளக்கு என்று தெரியாமல்தான் எல்லாவற்றையும் போட்டு வைக்கிறார்கள்.

கரும்பலகைக்குத் தனி விளக்கு, தனி ஸ்விட்ச். டியூப் விசிறி இறக்கைக்கு மேலே வரக்கூடாது, நோட்டில் நிழல் வெட்டி வெட்டி ஓடும். தலைவலிக்குக் காரணம் தெரியாமல் பிள்ளையைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். அப்புறம் வாசல் பக்கத்தில், கடைசியாக வெளியே போகிற பிள்ளை ஒரே தட்டில் எல்லாவற்றையும் அணைக்கிற மாதிரி ஒரு மாஸ்டர் ஸ்விட்ச். அந்தப் பொறுப்பை எந்தப் பிள்ளைக்குக் கொடுத்தாலும் சென்சாரைவிட நன்றாகச் செய்யும், குறிப்பாக ஆறாம் வகுப்பு.

நிதியுதவிப் பள்ளி. ஐந்து வகுப்பறைகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை. மதியத்துக்கு மேல் உள்ளே உட்கார முடியவில்லை. கையில் இருப்பது இரண்டு லட்சம். ஷீட்டின் மேல் கீற்று வேய்ந்தால் குளிர்ச்சியாக இருக்கும் என்று பெற்றோர் சொல்கிறார்கள்.
*– தலைமையாசிரியை, முசிறி*

கீற்று வேண்டாம் அம்மா. பெற்றோர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், குளிர்ச்சியும் உண்மைதான். ஆனாலும் வேண்டாம். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். பற்றியெரிந்தது கீற்றுக் கூரை. அதற்குப் பிறகு பள்ளிகளிலிருந்து கீற்றை எடுத்தது சரியான முடிவு. ஆனால் அது போன இடத்தில் பல ஊர்களில் தகரமும் ஷீட்டும் வந்து உட்கார்ந்தன. நெருப்புக்கு ஈடு செய்தோம், சூட்டை மறந்தோம். உங்கள் பிள்ளைகள் அனுபவிப்பது அந்த மறதியைத்தான்.

முதலில் எச்சரிக்கை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள், கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குப் பொல்லாதது, புற்றுநோய்வரை கொண்டுபோகும். கழுவ வேண்டும் என்றால் தண்ணீரை ஊற்றி ஈரத்தோடு, மென்மையான துடைப்பத்தால், பிள்ளைகள் இல்லாத நாளில். ஷீட்டின்மேல் ஆள் நேராகக் கால் வைத்தால் உடைந்து விழுவார், பலகை போட்டுத்தான் ஏற வேண்டும்.

அப்படிக் கழுவிக் காய்ந்த பிறகு வெளிப்புறம் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு இரண்டு கை. செலவு குறைந்த, பலன் உடனே தெரிகிற வேலை இதுதான். ஷீட் சூடானால் அடுப்பு மாதிரி நேராகத் தலையில் அனலைக் கொட்டும். விசிறி போட்டாலும் அந்த அனல் நிற்காது, சுடுகாற்றைத்தான் கலக்கி அடிக்கும். ஷீட்டின் சூட்டையே இறக்கினால்தான் விடிவு.

அடுத்தது, காசு மிச்சமிருந்தால், ஷீட்டுக்குக் கீழே ஓரடி இடைவெளி விட்டு ஒரு சீலிங். தெர்மோகோல் வேண்டாம், பிளாஸ்டிக் பலகையும் வேண்டாம், இரண்டும் நெருப்புக்குத் தீனி. தீப்பிடிக்காத சிமென்ட் நார்ப் பலகை. அதைத் தாங்கும் சட்டத்தைச் சுவரிலிருந்து நிறுத்துங்கள், ஷீட்டில் தொங்கவிடாதீர்கள். அந்த ஓரடி இடைவெளியின் இரண்டு கோடியும் திறந்திருக்க வேண்டும், வலை மட்டும் அடியுங்கள். சூடான காற்று அங்கேயே ஓடிப் போய்விடும். ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ நாட்டில் காண்டோ என்ற கிராமத்தில் பிரான்சிஸ் கெரே என்பவர் தன் சொந்த ஊருக்கு ஒரு ஆரம்பப் பள்ளி கட்டினார். 2001இல் முடிந்தது. மண் கட்டியால் சீலிங், அதற்கு மேலே நன்றாகத் தூக்கி நிறுத்திய தகரக் கூரை, நடுவில் காற்று. தகரம் எவ்வளவு கொதித்தாலும் வகுப்புக்குள் இறங்குவதில்லை. 2022இல் கட்டடக் கலையின் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் அவருக்குக் கிடைத்தது. ஊர்க்காரர்களே கல் சுமந்து கட்டிய பள்ளி அது, பணக்காரப் பள்ளி இல்லை.

இரண்டு லட்சத்தையும் ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள். ஒரு அறைக்கு மட்டும் பூச்சு அடியுங்கள். இருநூறு ரூபாய் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி, அடித்த அறையில் ஒன்று, அடிக்காத அறையில் ஒன்று, பிள்ளைகள் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் மதியம் இரண்டு மணிக்குக் குறிக்கட்டும். இரண்டு வாரத்துக் கணக்கைக் காட்டினால் பழைய மாணவர்களிடம் மீதிப் பணம் கேட்பதும் சுலபம்.

ஜெய்சல்மேர் பாலைவனத்தில் ஏசியே இல்லாமல், கல்லில் சல்லடை மாதிரித் துளை போட்ட ஜாலி வேலைப்பாடு செய்து முட்டை வடிவத்தில் ஒரு பள்ளி கட்டியிருப்பதைப் படத்தில் பார்த்தேன். எங்கள் பள்ளியிலும் அதே மாதிரி செய்யலாமா? தரைக்கடியில் குழாய் புதைத்துக் காற்றைக் குளிரவைக்கலாம் என்றும் ஒரு நண்பர் சொல்கிறார்.
*– முதுகலை ஆசிரியர், நாகப்பட்டினம்*

நீங்கள் சொல்வது கனோய் கிராமத்தில் இருக்கும் ராஜகுமாரி ரத்னாவதி பெண்கள் பள்ளி. டயானா கெலாக் வடிவமைத்தது, 2021இல் திறந்தார்கள். எனக்கும் பிடித்த கட்டடம். ஆனால் அங்கே காற்று வறண்டது, ராத்திரி நன்றாகக் குளிரும். பருத்த கல் சுவர் பகல் சூட்டை உள்ளே விடாமல் பிடித்து வைத்து, ராத்திரியில் வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். நாகையில் ராத்திரி என்ன குளிர்கிறது? கடல் பக்கத்தில் சுவர் பிடித்து வைத்த சூடு சுவரோடேயே இருக்கும். உங்கள் பிரச்சினை சூட்டைவிட ஈரம். வேர்வை காய வேண்டும் என்றால் உடம்பின் மேல் காற்று ஓட வேண்டும். ஜாலி அழகுதான், ஆனால் காற்றில் பாதியை அதுவே நிறுத்திக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் ஜாலி வழியாக வந்து பெஞ்சை நனைக்கும். எதிரெதிர் சுவர்களில் பெரிய ஜன்னல், மேலே மூடாத வென்டிலேட்டர், நாலடி நீளும் இறவாரம். நாகைக்கு இதுதான். உங்கள் தாத்தா வீட்டைப் போய்ப் பாருங்கள்.

இதே மாதிரிதான் லடாக்கில் ஷே ஊரில் இருக்கும் ட்ரூக் ஒயிட் லோட்டஸ் பள்ளியின் படத்தையும் அனுப்பி "இதுபோல வேண்டும்" என்பார்கள். அங்கே தெற்குப் பக்கம் கண்ணாடி வைத்து, பின்னால் கனத்த சுவர் எழுப்பி, வெயிலைப் பிடித்து அறையைச் சூடாக்குகிறார்கள். அருமையான வேலை. நமக்கு வேண்டியது அதன் தலைகீழ்.

பூமிக்கடி குழாய்: மூன்று நாலு மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் அந்த ஊரின் வருடச் சராசரியை ஒட்டியிருக்கும். டெல்லிப் பக்கம் கோடை 44 டிகிரி அடிக்கும்போது மண் 25 டிகிரி, வித்தியாசம் பெரிது. உங்கள் ஊரில் மண்ணே 28, 29 டிகிரி. குழாய்க்குள் ஈரம் படிந்து பூஞ்சை பிடித்து அந்த வாடையைத்தான் பிள்ளைகள் சுவாசிப்பார்கள். நண்பரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

சோலார் போடுவதாக இருந்தால் உப்புக் காற்றை நினைவில் வையுங்கள். துத்தநாக முலாம் நன்றாக ஏறிய சட்டம், எவர்சில்வர் போல்ட். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் உங்களுக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது நான் சொல்லியா தெரிய வேண்டும். சட்டத்தைத் தளத்தின் மேல் கல்லை வைத்து அழுத்துகிறேன் என்று எந்த ஒப்பந்தக்காரர் சொன்னாலும் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வகுப்பறைக்கு எந்த நிறப் பெயின்ட் நல்லது?
*– ஓவிய ஆசிரியர், அரியலூர்*

சீலிங் வெள்ளை. சுவர் வெளிர் நிறம் எதுவானாலும் சரி. கரும்பலகைச் சுவர் மட்டும் கொஞ்சம் மங்கலாக இருந்தால் கண் கூசாது. பளபளக்கும் எனாமல் வேண்டாம். அடர் நீலமும் மெரூனும் வெளியே கேட்டுக்கு அடித்துக்கொள்ளுங்கள்.

என் மகள் படிக்கும் பள்ளியில் இந்த வருடம் எல்லா வகுப்பும் ஏசி. கட்டணமும் ஏறிவிட்டது. ஆனால் மதியம் தூக்கம் வருகிறது, தலை கனக்கிறது என்கிறாள். ஏசி ஒத்துக்கொள்ளவில்லையா?
*– பெற்றோர், சென்னை*

ஏசியின் மேல் பழி போடாதீர்கள், மூடிய ஜன்னலின் மேல் போடுங்கள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறையில் இருக்கும் காற்றையே எடுத்துக் குளிர்வித்துத் திருப்பி விடும். 40 பிள்ளைகள் விடும் மூச்சு அங்கேயே சுற்றும். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்கு சுமார். மூடிய வகுப்பில் ஒரு மணி நேரத்தில் அது 2,000ஐத் தாண்டும். பேத்தியின் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போனபோது பையில் கருவியை வைத்துக்கொண்டு போய் அளந்திருக்கிறேன், மனைவி இன்னும் கேலி செய்கிறாள். அந்த அளவில் மயக்கமெல்லாம் வராது, கொட்டாவி வரும். கணக்கு வகுப்பு என்பதால் வருகிறது என்று பிள்ளையைத் திட்டுவோம்.

பெற்றோர் கூட்டத்தில் "புதுக்காற்றுக்கு என்ன ஏற்பாடு?" என்று கேளுங்கள். அதற்கென்று தனி விசிறியும் குழாயும் வடிகட்டியும் இருக்க வேண்டும். இல்லை என்றால் ஒவ்வொரு பீரியட் முடியும்போதும் எதிரெதிர் ஜன்னல்களை ஐந்து நிமிடம் திறக்கச் சொல்லுங்கள். சூட்டை 20இல் வைத்து ஸ்வெட்டர் போடச் சொல்லும் பள்ளியும் இருக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து வரும் ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்கும், அப்படியே விட்டுவிட்டு மேலே விசிறியை மெதுவாக ஓட்டினால் போதும். ஒவ்வொரு டிகிரி ஏற்றி வைப்பதற்கும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. ஏறிய கட்டணத்தில் அதைக் கழிப்பார்களா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

ஐயா, எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் பன்னிரண்டு மாத ஈபி பில்லையும் வரைபடமாகப் போட்டோம். மே மாதம் பள்ளியே கிடையாது. ஆனால் பில் மற்ற மாதத்தில் பாதிக்கும் குறையவில்லை. ஏன்?
*– பதினொன்றாம் வகுப்பு மாணவி, கரூர்*

இந்த மாதம் வந்த கேள்விகளிலேயே இதுதான் உசத்தி, கண்ணு. சோலார் கேட்ட தாளாளர்கள் எல்லாரும் முதலில் போட வேண்டிய வரைபடத்தை நீங்கள் போட்டிருக்கிறீர்கள்.

பில்லில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலையான கட்டணம். அதைத் தனியாகக் கழித்துவிட்டு யூனிட்டை மட்டும் மறுபடி வரைபடம் போடுங்கள். அப்போதும் மே மாதம் நிமிர்ந்து நின்றால் பூட்டிய பள்ளிக்குள் எதுவோ ஓடிக்கொண்டிருக்கிறது.

பிடிப்பது சுலபம். ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வாட்ச்மேன் அண்ணனோடு போய் மீட்டரைக் குறித்துக்கொள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவரையே ஒருமுறை குறித்து வைக்கச் சொல். பன்னிரண்டு மணி நேரத்தில் எத்தனை யூனிட் ஓடியதோ அதை 12ஆல் வகுத்தால் சராசரி எத்தனை கிலோவாட் என்று தெரிந்துவிடும். இரண்டு வெளிவிளக்கு, ஒரு கேமரா பெட்டி, அவ்வளவுதான் என்றால் கால் கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. ஒன்று, ஒன்றரை என்று வந்தால் தேட ஆரம்பியுங்கள். ஸ்விட்ச் போர்டில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். வயர்மேனைக் கூப்பிட்டு ஒவ்வொரு பிரேக்கராக இறக்கச் சொல்லி, மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கை நீங்கள் பாருங்கள். எதை இறக்கும்போது மினுக்கல் சட்டென்று மெதுவாகிறதோ அங்கேதான் திருடன்.

நான் பார்த்தவரை சந்தேகப் பட்டியல் இது: யாரும் இல்லாத லேபுக்காக ராத்திரி பகலாகச் சார்ஜ் ஆகும் யுபிஎஸ், பேட்டரி செத்துப்போனது தெரியாமல். மிதவை பழுதாகி, நிரம்பி வழியும் தொட்டிக்கு மறுபடி மறுபடி தண்ணீர் ஏற்றும் மோட்டார். ஸ்டாண்ட்பையில் சிவப்பாகக் கண் சிமிட்டும் ஸ்மார்ட் போர்டுகள், ஒன்று கொஞ்சம், இருபது சேர்ந்தால் கணிசம். ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் நான் கட்டுவது வாட்டர் கூலர்மேல். விளையாட்டு அறைக்குப் பின்னால், யாரும் குடிக்காத தண்ணீரை மே மாதம் முழுக்க ஜில்லென்று வைத்துக்கொண்டு ஒன்று நிற்கும், போய்ப் பார். கண்டுபிடித்ததும் எத்தனை யூனிட் என்று எழுது, அடுத்த இதழில் போடுகிறேன்.